மாறுதலில் செல்லும்போது எதை விட்டுச் செல்கிறோம்?

2009ஆம் ஆண்டு. தருமபுரி மாவட்டத்தில் மலையடிவாரத்தில் இருக்கும் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் அப்போது பணியாற்றிக்கொண்டிருந்தேன். மாறுதல் கலந்தாய்வு ஒரு சனிக்கிழமை நடந்தது. பல நாள் எதிர்பார்த்த இடம், சொந்த ஊருக்குப் பக்கத்திலேயே கிடைத்துவிட்டது. அன்று மாலையே பணி விடுவிப்பு ஆணையைப் பெற்றுக்கொண்டேன். திங்கள்கிழமை காலை புதிய பள்ளியில் பணியேற்றேன்.

வெள்ளிக்கிழமை மாலை வழக்கம்போல் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பியிருந்தேன். கலந்தாய்வுக்குப் போகிறேன் என்று அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இடம் கிடைக்குமோ கிடைக்காதோ, முன்கூட்டியே எதற்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். சொன்னால் அழுவார்கள், அதைத் தவிர்ப்பதே நல்லது என்றும் நினைத்தேன். உண்மையில் அவர்கள் அழுவதை என்னால் பார்க்க முடியாது என்பதுதான் காரணம். அதை எனக்கு நானே ஒப்புக்கொள்ளப் பல ஆண்டுகள் ஆயின.

பணிப்பதிவேட்டில் ஒரு பதிவு விடுபட்டிருந்ததால், நான்கு மாதம் கழித்துப் பழைய பள்ளிக்குப் போக நேர்ந்தது. பிள்ளைகள் ஓடி வந்து சூழ்ந்துகொண்டார்கள். இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மட்டும் தூணோரம் நின்றபடி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சத்துணவு ஆயாம்மாதான் விஷயத்தைச் சொன்னார்.

"சொல்லாம கொள்ளாமப் போயிட்டியே கண்ணு. இந்தப் புள்ள பத்து நாளு நீ உக்கார்ற எடத்துலயே போய் நின்னுச்சு. 'டீச்சருக்கு எம்மேல கோவமா ஆயா'ன்னு கேட்டுச்சு."

அந்த வெள்ளிக்கிழமை நோட்டு கொண்டுவரவில்லை என்று அவளைக் கடிந்துகொண்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தான் நோட்டு கொண்டுவராததால்தான் டீச்சர் போய்விட்டார் என்று அவள் நான்கு மாதமாக நம்பிக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஆசிரியர் பயிற்சியில் பியாஜேயை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். 2 முதல் 7 வயது வரையிலான காலத்தை அவர் செயலுக்கு முற்பட்ட நிலை என்றார். அந்த வயதுக் குழந்தை உலகத்தைத் தன்னை மையமாக வைத்தே புரிந்துகொள்ளும். தன்னைச் சுற்றி நடப்பதற்குத் தானே காரணம் என்று எளிதில் எண்ணிவிடும். தேர்வில் இதை எழுதி மதிப்பெண் வாங்கிய எனக்கு, என் வகுப்புப் பிள்ளை விஷயத்தில் அது நினைவுக்கு வரவில்லை.

சுவரில் இருந்ததும் இல்லாததும்

அன்று இன்னொன்றும் தெரிந்தது. அது செயல்வழிக் கற்றல் நடந்த காலம். எந்தக் குழந்தை ஏணிப்படியில் எந்த அட்டையில் இருக்கிறது என்பது சுவரிலேயே இருக்கும். எனவே புதிய ஆசிரியர் வந்து பார்த்தாலே எல்லாம் புரிந்துவிடும் என்று நம்பியிருந்தேன்.

மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். அட்டையில் உள்ள சிறிய எழுத்து அவன் கண்ணுக்குச் சரியாகப் பிடிபடாது. சன்னலோரம் உட்கார வைத்து, பலகையில் பெரிதாக எழுதிக் கொடுத்தால் நன்றாகவே வாசிப்பான். கண் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லி அவன் வீட்டில் பேச வேண்டும் என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பும் என்னோடு பேருந்து ஏறிவிட்டது. புதிதாக வந்தவர் நல்ல ஆசிரியர், ஆனால் இந்த விஷயம் அவருக்கு எப்படித் தெரியும்? பையன் வாசிக்க மறுக்கிறான் என்று எண்ணி, முதல் அட்டையிலிருந்து மீண்டும் தொடங்கியிருந்தார். அவன் நின்ற அட்டையின் எண் சுவரில் இருந்தது. அவன் ஏன் அங்கே நிற்கிறான் என்பது என் தலைக்குள் மட்டும் இருந்தது.

மாறுதலின்போது நாம் ஒப்படைப்பவை எவை என்று எண்ணிப் பாருங்கள். பதிவேடுகள், பீரோ சாவி, நூலகப் புத்தகங்கள், கற்றல் கற்பித்தல் பொருள்கள். இருப்புப் பதிவேட்டைப் பார்த்து ஒவ்வொன்றையும் எண்ணிக் கையெழுத்திட்டுக் கொடுக்கிறோம். ஒரு நாற்காலி குறைந்தாலும் கேள்வி வரும். இப்போது நம் விவரங்கள் எமிஸ் தளத்திலும் புதிய பள்ளிக்கு மாறிவிடுகின்றன. ஆனால் ஒரு வகுப்பில் இருக்கும் 30 குழந்தைகளைப் பற்றி நாம் அறிந்துவைத்திருப்பதை ஒப்படைக்க எந்தப் பதிவேடும் கிடையாது. அதை நாமாகத்தான் உருவாக்க வேண்டும். பணியிட உறவை நல்லபடியாக முடிப்பது என்று நான் சொல்வது முதலில் இதைத்தான்.

கண்ணீர் அளவுகோல் அல்ல

2018 ஜூனில் திருவள்ளூர் மாவட்டம் வெளியகரம் அரசு உயர்நிலைப் பள்ளியில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மாறுதல் பெற்ற ஆங்கில ஆசிரியரைப் போக விடாமல் மாணவர்கள் கட்டிப்பிடித்து அழுத படம் நாடெங்கும் பரவியது. அந்த மாறுதல் சில நாள்கள் நிறுத்தி வைக்கப்பட்டது. ஓர் அரசுப் பள்ளி ஆசிரியர் மீது பிள்ளைகள் வைத்திருந்த அன்பைப் பார்த்து நாம் எல்லோரும் பெருமைப்பட்டோம்.

ஆனால் பெரும்பாலான மாறுதல்கள் அப்படி நிற்பதில்லை. மாறுதல் நம் பணியின் ஒரு பகுதி. பிள்ளைகள் அழுதாலும் அழாவிட்டாலும் மறுநாள் காலை மணி அடிக்கும், வகுப்பில் வேறொருவர் நிற்பார். 'நான் போனபோது எத்தனை பேர் அழுதார்கள்' என்பது நமக்கு இனிக்கும் கணக்கு. மறுநாள் அந்தப் பிள்ளைகள் எவ்வளவு எளிதாகப் புதிய ஆசிரியரோடு படிக்கத் தொடங்கினார்கள் என்பதுதான் அவர்களுக்குப் பயன்படும் கணக்கு.

இரண்டாவது முறை மாறுதல் வந்தது இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு. கல்வியாண்டின் நடுவே, ஆறு வேலை நாள்கள் அவகாசத்துடன் வந்தது. அப்போது மூன்றாம் வகுப்பில் என்னிடம் 27 பிள்ளைகள். முதல் முறை செய்த தவறு மனத்தில் இருந்ததால், இந்த முறை சிலவற்றைத் திட்டமிட்டுச் செய்தேன்.

1. பிள்ளைகளிடம் நாமே சொல்வது

ஆணை வந்த மறுநாள் முதல் பாடவேளையில் எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்துச் சொன்னேன். எங்கிருந்தோ கேள்விப்படுவதைவிட நம் வாயால் கேட்பது நல்லது. நான் சொன்னவை நான்கே செய்திகள். வரும் வியாழன் வரை இங்கே இருப்பேன், வெள்ளிக்கிழமை முதல் வேறு ஊர்ப் பள்ளிக்குப் போகிறேன். இது அரசாங்க ஆணை. நீங்கள் யாரும் எந்தத் தப்பும் செய்யவில்லை, யார் மேலும் எனக்குக் கோபம் இல்லை. உங்களுக்குப் புதிய டீச்சர் வருவார், அதுவரை பக்கத்து வகுப்பு டீச்சர் பார்த்துக்கொள்வார்.

மூன்றாவது செய்தியை இரண்டு முறை சொன்னேன். நாட்காட்டியில் வியாழக்கிழமையை வட்டமிட்டு வைத்தோம். சிலர் அழுதார்கள், அழட்டும் என்று விட்டேன். ஒரு பையன், "எங்களையும் கூட்டிட்டுப் போங்க" என்றான். "முடியாதுப்பா" என்றேன். அடிக்கடி வந்து பார்ப்பேன் என்று சொல்ல நாக்கு துடித்தது, ஆனால் சொல்லவில்லை. காப்பாற்ற முடியாத வாக்கு, பிள்ளையை வாசலைப் பார்த்துக் காத்திருக்க வைக்கும்.

பிறகு ஒரு வேலை கொடுத்தேன். "புது டீச்சருக்கு உங்களைத் தெரியாது. நீங்கதான் சொல்லணும்" என்று ஆளுக்கொரு தாள் கொடுத்தேன். பெயர், பிடித்த பாடம், கஷ்டமான பாடம், எனக்கு நன்றாக வருவது என எழுதி, படமும் வரைந்தார்கள். அழுதவர்கள்கூடப் பத்து நிமிடத்தில் வண்ணப் பென்சிலுக்குச் சண்டை போடத் தொடங்கிவிட்டார்கள். வரப்போகிறவரைப் பற்றி அவர்கள் நினைக்கத் தொடங்கியது அந்தத் தாளில்தான்.

ஒரே நாள்தான் கிடைத்தது என்றால் அந்த ஒரு நாளில் முதல் அரை மணி நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். விடுமுறை நாளில் விடுவிப்பு என்றால், பிள்ளைகளுக்கு ஒரு கடிதம் எழுதி, திங்கள்கிழமை படித்துக் காட்டும்படி தலைமையாசிரியரிடம் கொடுங்கள். பத்து வரி போதும். அப்படி ஒரு கடிதம் இருந்திருந்தால் அந்தச் சிறுமி பத்து நாள் என் இடத்தில் போய் நின்றிருக்க மாட்டாள்.

2. ஆளுக்கு ஒரு பக்கம்

நாற்பது பக்க நோட்டு ஒன்றில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினேன். ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம். மாலை வேளைகளில் உட்கார்ந்து மூன்று நாளில் முடித்தேன். இப்போது என்ன தெரியும், அடுத்து என்ன, எது உதவும், எதைக் கவனிக்க வேண்டும் என நான்கு தலைப்புகள்தான். ஒரு பக்கம் இப்படி இருந்தது:

'தமிழில் மொட்டு நிலை. மூன்றெழுத்துச் சொற்களைத் தடையின்றி வாசிப்பாள். மெய்யெழுத்து இரட்டித்து வரும் சொற்களில் நின்றுவிடுவாள். கடன் வாங்கிக் கழித்தல் இந்த வாரம்தான் தொடங்கியிருக்கிறாள், மணிச்சட்டம் கையில் இருந்தால் செய்வாள். எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் குரல் வராது, பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டால் முழுப் பக்கமும் வாசிப்பாள். சந்தை நாளன்று தாமதமாக வருவாள். அம்மா சந்தைக்குப் போவதால் தம்பியை அங்கன்வாடியில் விட்டுவிட்டு வர வேண்டும். கடிந்துகொள்ள வேண்டாம்.'

எழுதும்போது இரண்டு எல்லைகளை வைத்துக்கொண்டேன். முதலாவது, முத்திரை குத்தும் சொல் எதுவும் கூடாது. 'சேட்டைக்காரன்', 'மந்தம்' என்று எழுதிவிட்டால், புதிய ஆசிரியர் பிள்ளையைப் பார்க்கும் முன்பே அந்தச் சொல்லைப் பார்த்துவிடுவார். 'மதிய உணவுக்குப் பிறகு ஓரிடத்தில் உட்கார முடியாது, பலகை துடைக்கும் வேலை கொடுத்தால் அடங்குவான்' என்று எழுதினால் அது வழிகாட்டும். இரண்டாவது, பெற்றோரின் குடும்பச் சிக்கல்களை நோட்டில் எழுதக் கூடாது. நோட்டு யார் கைக்கும் போகலாம். புதிய ஆசிரியருக்கு அவசியம் தெரிய வேண்டியது இருந்தால் நேரில் சொல்லலாம். குழந்தையின் பாதுகாப்பைப் பற்றிய ஐயம் என்றால் அது மாறுதல் வரை காத்திருக்கும் செய்தியே அல்ல. அன்றே தலைமையாசிரியரிடமும் 1098 எண்ணிலும் சொல்லியிருக்க வேண்டும்.

3. உடன் பணியாற்றியவர்களுடன்

புதியவர் வரும் வரை என் வகுப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டிய பக்கத்து வகுப்பு ஆசிரியையோடு நான் இரண்டு ஆண்டுகளாகப் பள்ளி வேலை தவிர வேறெதுவும் பேசியதில்லை. ஒரு விழாப் பொறுப்பைப் பிரித்துக்கொண்டதில் வந்த மனத்தாங்கல். யார் பக்கம் நியாயம் என்பதை இப்போது சொன்னாலும் நான் என் பக்கம்தான் சொல்வேன்.

போகும் நேரத்தில் அதைப் பேசித் தீர்க்க வேண்டுமா என்று யோசித்தேன். பேசியிருந்தால் பழைய வழக்கு மறுபடி தொடங்கியிருக்கும். நோட்டைக் கையில் கொடுத்து, "டீச்சர், அந்த விழா விஷயத்துல நானும் கொஞ்சம் வேகப்பட்டுட்டேன். பிள்ளைங்களைப் பார்த்துக்கோங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உக்காருங்க, ஒவ்வொரு பிள்ளையா சொல்லுங்க" என்றார். ஒரு மணி நேரம் பேசினோம். நாங்கள் நெருங்கிய தோழிகளாகிவிடவில்லை. பிள்ளைகள் நல்ல கைக்குப் போனார்கள், அது போதும்.

பிரிவு உபசார விழாவில் பேசும்போது பழைய மனக்குறைகளைச் சொல்லிக்காட்டுவதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். சொல்பவருக்கு ஐந்து நிமிட நிம்மதி கிடைக்கும். இருப்பவர்களுக்கு அந்த மனக்கசப்பு ஆண்டுக்கணக்கில் இருக்கும். நிர்வாகம் பற்றிய குறை இருந்தால் அதற்கு உரிய இடத்தில் எழுத்தில் கொடுக்கலாம். மேடை அதற்கான இடமல்ல. பரிசு வாங்கப் பிள்ளைகளிடம் பணம் திரட்டுவதையும் முன்கூட்டியே தடுத்துவிடுங்கள். அவர்கள் வரைந்து தரும் ஒரு தாளைவிடப் பெரிய பரிசு இல்லை.

4. ஊர்க்காரர்களுடன்

கல்வி உரிமைச் சட்டம், 2009இன்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் குறைந்தது முக்கால் பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும். ஆசிரியர்கள் வருவோம், போவோம். அந்தப் பெற்றோர் ஊரில் இருப்பார்கள். அதனால் பாதியில் நிற்கும் வேலைகளைக் குழுவிடம் ஒப்படைப்பதே சரி. கழிப்பறைக் குழாய் மாற்றுவது, சுற்றுச்சுவருக்குக் கொடுத்த மனு, இரண்டு மாதமாகப் பள்ளிக்கு வராத ஒரு பிள்ளை என்று என்னிடம் இருந்த பட்டியலைக் கூட்டத்தில் சொல்லித் தீர்மானப் பதிவேட்டில் ஏற்றச் செய்தேன். நம்மை நம்பி மட்டும் நடந்த வேலை நம்மோடு நின்றுபோகும். பதிவேட்டில் ஏறிய வேலையைக் கேட்பதற்கு ஆள் இருக்கும்.

5. போன பிறகு

இதுதான் எல்லாவற்றிலும் கடினமானது. புதிய ஆசிரியர் பொறுப்பேற்றதும் வகுப்பு வாட்ஸ்அப் குழுவிலிருந்து விலகினேன். அவருக்கு என் எண்ணைக் கொடுத்தேன். முதல் மாதத்தில் நான்கைந்து முறை கூப்பிட்டார். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன், 'நான் இருந்தபோது இப்படிச் செய்வேன்' என்ற பேச்சை எடுக்கவில்லை.

மூன்றாவது வாரம் ஒரு தாய் கூப்பிட்டார். "நீங்க இருந்த மாதிரி இல்ல டீச்சர். இவங்க சரியா சொல்லித் தர்றதில்ல." கேட்கும்போது உள்ளுக்குள் ஒரு மகிழ்ச்சி எழுந்ததை மறைக்க விரும்பவில்லை. எல்லோருக்கும் எழும். ஆனால் அந்த மகிழ்ச்சிக்கு விலை கொடுப்பது அந்தத் தாயின் பிள்ளைதான். வீட்டில் மதிக்கப்படாத ஆசிரியரிடம் எந்தப் பிள்ளையும் ஒழுங்காகப் படிக்காது. "எனக்கும் முதல் மாசம் அப்படித்தாம்மா இருந்துச்சு. நேரா போய் அவங்ககிட்டயே பேசுங்க, கேட்டுக்குவாங்க" என்றேன்.

பழைய பள்ளிக்குப் போக நேர்ந்தால் முதலில் தலைமையாசிரியர் அறைக்குப் போங்கள். வகுப்புக்குள் போவதென்றால் வகுப்பாசிரியர் அழைத்த பிறகு போங்கள். அது இப்போது அவருடைய வகுப்பு.

மேல்நிலை, உயர்நிலை வகுப்புகளில்

பாட ஆசிரியர்களுக்கும் இது பொருந்தும், வடிவம் மட்டும் மாறும். உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் கற்பிக்கும் நண்பர் ஒருவர் பத்தாம் வகுப்பை நவம்பரில் விட்டுச் செல்ல நேர்ந்தது. பாடக் குறிப்பேட்டில் 'மின்னோட்டவியல் முடிந்தது' என்று இருந்தது. அவர் தனித்தாளில், 'முடிந்தது, ஆனால் பக்க இணைப்புக் கணக்குகளில் பாதி வகுப்பு தடுமாறுகிறது, ஒரு வாரம் திருப்புதல் தேவை' என்று எழுதி வைத்தார். செய்முறைத் தேர்வுக்கு 25 மதிப்பெண் இருப்பதால், எந்தச் சோதனைகளை எந்தக் குழு செய்து முடித்தது என்ற பட்டியலையும் சேர்த்தார். அடுத்து வந்தவருக்கு அந்த இரண்டு தாள்களும் ஒரு மாத உழைப்பை மிச்சப்படுத்தின.

வளரிளம் பருவத்தினர் பெரும்பாலும் அழுது காட்டுவதில்லை. முறைப்பாகிவிடுவார்கள், இல்லையென்றால் புதியவரைக் கேலி செய்வார்கள். அதுவும் பிரிவின் வருத்தம்தான். "அவரைச் சோதிக்காதீங்க, அவர் உங்களுக்காகத்தான் வர்றார்" என்று நாம் சொல்லிவிட்டுப் போனால், அந்தச் சொல் புதியவருக்குத் துணையாக நிற்கும்.

நாம் புதியவராகச் செல்லும்போது

ஒவ்வொரு மாறுதலிலும் நாம் ஒரு வகுப்பை விடுகிறோம், இன்னொரு வகுப்பை ஏற்கிறோம். இப்போதைய பள்ளியில் எனக்கு நோட்டு எதுவும் காத்திருக்கவில்லை. முன்பிருந்த ஆசிரியரைக் குறை சொல்லவில்லை, நானும் அப்படித்தான் ஒரு காலத்தில் இருந்தேன். அவர் ஒட்டிய படங்களை ஒரு மாதம் சுவரிலிருந்து அகற்றாமல் வைத்திருந்தேன். "இதை உங்க டீச்சர் எப்படிச் சொல்லிக் குடுத்தாங்க?" என்று பிள்ளைகளிடம் கேட்டுக் கேட்டு நடத்தினேன். பிறகு அவருடைய எண்ணை வாங்கிக் கூப்பிட்டேன். ஒருவரும் இதுவரை கேட்கவில்லை என்று சொல்லி, முக்கால் மணி நேரம் பேசினார்.

தூணோரம் நின்ற சிறுமி

நான்கு மாதம் கழித்துப் போன அன்று அவளருகே குந்தி உட்கார்ந்து சொன்னேன். "உம்மேல எனக்குக் கோவமே இல்ல. எனக்கு வேற ஊருக்கு ஆர்டர் வந்துச்சு, அதான் போனேன். உங்கிட்டச் சொல்லாமப் போனது என் தப்பு."

அவள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். "இனிமே இங்கயே இருப்பீங்களா?" என்றாள்.

"இல்ல. சாயங்கால பஸ்ஸுக்குப் போயிடுவேன்."

சரி என்று தலையாட்டிவிட்டு வகுப்புக்கு ஓடினாள். இதைச் சொல்லி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அதை நான் அந்த வெள்ளிக்கிழமையே கொடுத்திருக்கலாம்.

இந்த ஆண்டு மாறுதலுக்கு விண்ணப்பிக்க நினைப்பவர்கள் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி மேசையில் வையுங்கள். இடம் கிடைக்காவிட்டாலும் அது வீணாகாது. ஆண்டு முடிவில் அடுத்த வகுப்பு ஆசிரியருக்குக் கொடுக்கலாம்.